பெயருக்கு நடுவே ஓர் எழுத்து

முதல் நாள் – ரோம்

டைபர் ஆற்றங்கரையில், டிக்கெட் எடுக்காமலே படிக்கக்கூடிய நீளமான சுவர் ஒன்று இருக்கிறது. ஆரா பாசிஸ் என்ற அமைதிப் பலிபீடத்தை வைத்திருக்கும் அருங்காட்சியகத்தின் வெளிச்சுவர் அது. ரோமின் முதல் பேரரசர் அகஸ்டஸ் தன் ஆயுளில் செய்தவற்றைத் தானே எழுதிவைத்த அறிக்கை முழுவதும் அதில் லத்தீனில் இருக்கிறது. அறையில் பெட்டியை வைத்துவிட்டு நானும் மகளும் நேராக இங்கேதான் வந்தோம். அவள் ஒரு தூக்கம் போட்டுவிட்டுப் போகலாமே என்றாள். எனக்குப் பொறுக்கவில்லை.

அகஸ்டஸ் கி.பி. 14இல் இறந்தார். அறிக்கையை வெண்கலத்தில் பொறித்துத் தன் கல்லறை முன்னால் நிறுத்தச் சொல்லியிருந்தார். அந்த வெண்கலம் எப்போதோ போய்விட்டது. அங்காராவில் ஒரு கோயில் சுவரில் வெட்டியிருந்த பிரதியால்தான் நமக்கு அதன் வாசகம் கிடைத்தது. கல்லறை சாலைக்கு எதிர்ப்பக்கத்திலேயே இருக்கிறது. வட்டமான, செங்கல் தெரியும் ஒரு பெரிய மேடு.

மொழிபெயர்ப்பை அச்செடுத்துக் கொண்டுபோயிருந்தேன். பத்தி பத்தியாக விரலை ஓட்டிக்கொண்டே நடந்தேன். ‘19 வயதில் என் சொந்த முடிவில், சொந்தச் செலவில் படை திரட்டினேன்’ என்று தொடங்குகிறது. ஒரே ஆண்டில் 82 கோயில்களைப் புதுப்பித்தாராம். பாம்பே என்ற பழைய தளபதி கட்டிய அரங்கத்தைப் பெரும் செலவில் சீர்செய்தும் ‘என் பெயரை அதில் எங்கும் பொறிக்கவில்லை’ என்று பெருமையாகச் சொல்கிறார். பொறிக்காததையும் கணக்கில் எழுதிவைத்த மனிதர்!

அவரைத் தத்தெடுத்த ஜூலியஸ் சீசரைக் கொன்றவர்கள் இதில் ‘என் தந்தையைக் கொன்றவர்கள்’ மட்டுமே. புரூட்டஸ் என்றோ காசியஸ் என்றோ ஒரு சொல் கிடையாது. ஆன்டனியோடு பத்தாண்டுக்கு மேல் கூட்டும் சண்டையுமாக இருந்தவர், எதிரியாக அந்தப் பெயரை ஓரிடத்திலும் எழுதவில்லை. முடிவுக்குக் கொஞ்சம் முன்னால் 34ஆம் பத்தி வருகிறது. அரசை செனட்டிடமும் மக்களிடமும் திருப்பிக் கொடுத்துவிட்டேன், அதன் பிறகு மதிப்பில்தான் எல்லோரையும் விஞ்சி நின்றேனே தவிர, உடன் பதவி வகித்தவர்களைவிட அதிகாரம் எனக்குக் கூடுதலாக இல்லை என்கிறார். கி.மு. 27 ஜனவரியில் நடந்தது அது. கான்சல்கள் என்ற ஆண்டுத் தலைவர்கள் இருந்தார்கள், செனட் கூடியது, தேர்தல் நடந்தது. பழைய பலகைகள் எல்லாம் அப்படியே தொங்கின. படையும் பணமும் ஒருவர் கையில் இருந்தன. முடியாட்சி என்ற சொல்லை ஒருமுறைகூட உச்சரிக்காமல் ஒரு முடியாட்சியைக் கட்டியதுதான் அவருடைய பெரிய சாதனை என்று நினைக்கிறேன். சுவரில் அது மட்டும் இல்லை.

இந்தியா பற்றியும் ஒரு வரி உண்டு. இந்திய அரசர்களின் தூதுவர்கள் பலமுறை வந்தார்கள் என்கிறார். அவர் காலத்தில் வாழ்ந்த ஸ்ட்ராபோ, தூது அனுப்பிய அரசரின் பெயர்களில் ஒன்றாகப் ‘பாண்டியோன்’ என்பதைக் குறிக்கிறார். அந்த வரியின் கீழே மகள் என்னை நிற்க வைத்துப் படம் எடுத்தாள்.

இந்தப் பயணத்தில் நான் தேடி வந்தது ஓர் எழுத்தை. நகராட்சியில் பிறப்பு, இறப்புப் பதிவுப் பிரிவில் 26 வருடம் வேலை பார்த்தவள் நான். ஒரு பெயரைப் பார்த்தால் இனிஷியல் எங்கே என்றுதான் கண் முதலில் போகும். ரோமானியர்களின் கல்வெட்டுப் பெயரிலும் இனிஷியல் உண்டு. அது பெயரின் நடுவில் வரும். தந்தை பெயரின் முதலெழுத்து, பக்கத்தில் ‘எஃப்’. ஃபிலியஸ், அதாவது மகன் என்று அர்த்தம். சுதந்திரமாகப் பிறந்தவருக்கு அது. அடிமையாக இருந்து விடுதலை பெற்றவருக்கு அந்த இடத்தில் பழைய எஜமானின் எழுத்தும் ‘எல்’லும் வரும். லிபர்டஸ், விடுவிக்கப்பட்டவர். அடிமைக்கு ஒற்றைப் பெயர்தான். சட்டத்தின் கண்ணில் அவருக்குத் தகப்பனே கிடையாது.

அகஸ்டஸுக்கு அந்த இடத்தில் என்ன இருந்தது? ‘டிவி எஃப்’. தெய்வத்தின் மகன். தத்தெடுத்த சீசரைச் செனட் கி.மு. 42இல் தெய்வமாக்கியதால் வந்த இனிஷியல். கோயம்புத்தூர்ப் பக்கம் மண்ணில் கிடைக்கும் ரோம வெள்ளிக்காசுகளில் மிக அதிகமாக வரும் வகைகளில் ஒன்று அவர் பேரன்கள் இருவர் நிற்கும் காசு. அதன் மறுபக்கத்தில், அவர் தலையைச் சுற்றி, இந்த ‘டிவி எஃப்’ இருக்கிறது. அந்த எழுத்து எவ்வளவு தூரம் நடந்திருக்கிறது பாருங்கள்.

இரண்டாம் நாள் – ரோம்

கேபிடோலைன் அருங்காட்சியகம். காலையில் திறந்ததும் உள்ளே போனோம்.

எல்லோரும் சிலைகளைப் பார்க்கிறார்கள். நான் ஒரு வெண்கலத் தகட்டின் முன்னால் ஒரு மணி நேரம் நின்றேன். வெஸ்பாசியனுக்கு அதிகாரம் வழங்கிய சட்டம் அது. கி.பி. 68இல் நீரோ இறந்த பிறகு கால்பா, ஓத்தோ, விட்டெல்லியஸ் என்று ஒன்றரை வருடத்தில் மூன்று பேர் அரியணை ஏறி விழுந்தார்கள். நான்காவதாக வந்து நிலைத்தவர் வெஸ்பாசியன். அரச வம்சம் இல்லை, தெய்வ இனிஷியலும் இல்லை. அதனால் எல்லாவற்றையும் எழுத்தில் போட வேண்டியிருந்தது. யாரோடு வேண்டுமானாலும் உடன்படிக்கை செய்யலாம், செனட்டைக் கூட்டலாம், பதவிக்கு அவர் பரிந்துரைப்பவர்களுக்குத் தனிச் சலுகை உண்டு. பிறகு ஒரு பெரிய வாசகம்: அரசின் நன்மைக்கு என்று அவர் கருதும் எதையும் செய்ய அவருக்கு உரிமை உண்டு. சட்டம் வருவதற்கு முன்பே அவர் செய்துவிட்டவையும் மக்கள் ஆணைப்படி செய்ததாகவே கொள்ளப்படும்.

பல உரிமைகளைச் சொல்லும்போது, ‘தெய்வமான அகஸ்டஸுக்கும் டைபீரியஸுக்கும் கிளாடியஸுக்கும் இருந்தது போல’ என்று முடிக்கிறார்கள். நம் அரசாணைகளில் மேலே ‘பார்வை’ என்று போட்டு முந்தைய ஆணைகளை அடுக்குவோமே, அதே வேலைதான். அந்தப் பார்வையில் கலிகுலா இல்லை, நீரோ இல்லை, கால்பாவும் அவருக்கடுத்த இருவரும் இல்லை. அவர்களும் ஆண்டார்கள், ஆணைகள் போட்டார்கள். ஆனால் முன்னுதாரணமாகக் காட்டத் தகுதியில்லாதவர்கள் என்று முடிவாகிவிட்டது. திட்டிக்கூட எழுதவில்லை. பட்டியலில் விட்டுவிட்டார்கள், அவ்வளவுதான்.

அப்புறம் சுவரில் பதித்த சின்னச் சின்னக் கற்கள். அகஸ்டஸின் மனைவி லிவியாவின் வீட்டில் வேலை செய்தவர்களுக்கு அப்பியா சாலையோரம் ஒரு கூட்டுக் கல்லறை இருந்தது. புறாக்கூடு போல மாடம் மாடமாக, ஒவ்வொன்றிலும் சாம்பல் கலயம். 1726இல் அதைக் கண்டுபிடித்தார்கள். அங்கிருந்து வந்த கற்களில் தலை அலங்காரம் செய்தவள், பொற்கொல்லர், துணிமணிக்குப் பொறுப்பாளர், மருத்துவச்சி என்று தொழிலைச் சேர்த்தே பெயரை எழுதியிருக்கிறார்கள். உள்ளங்கை அகலக் கல். பெயருக்குப் பக்கத்தில் ‘எல்’. சிலவற்றில் அதுவும் இல்லை, ஒற்றைப் பெயர் மட்டும். உலகையே ஆண்ட ஒரு வீட்டில், ஒருத்திக்குத் தலைவாரி விடுவதற்கென்றே ஒருத்தி இருந்து செத்திருக்கிறாள். அவள் பெயரையும் யாரோ காசு கொடுத்துக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். அந்த யாரோ யார் என்று யோசித்துக்கொண்டே படி இறங்கினேன்.

மூன்றாம் நாள் – ரோம்

போர்ட்டா மஜோரே. டிராம்கள் நாலாபுறமும் கிறீச்சிட்டுத் திரும்பும் சந்தி. கிளாடியஸ் 52இல் முடித்த இரண்டு கால்வாய்கள் இந்த வாயிலின் தலைக்கு மேல்தான் நகருக்குள் தண்ணீர் கொண்டுவந்தன. மேலே மூன்று கல்வெட்டுகள். முதலாவது கிளாடியஸ். இரண்டாவது வெஸ்பாசியன்: ஒன்பது வருடம் பாழாகிக் கிடந்ததைச் சீர்செய்தேன் என்கிறார். மூன்றாவது அவர் மகன் டைட்டஸ், மறுபடி சீர்செய்தாராம்.

நான் வந்தது கீழே உள்ள கல்லறைக்கு. வாயிலை ஒட்டி, ஆள் நுழையுமளவு வட்டத் துளைகளோடு ஒரு விசித்திரக் கட்டிடம். மாவு பிசையும் இயந்திரத் தொட்டிகளின் வடிவம் என்கிறார்கள். ரொட்டிக்காரர் மார்க்கஸ் வெர்ஜிலியஸ் யூரிசாசெஸ் தனக்குக் கட்டிக்கொண்டது, அகஸ்டஸின் ஆட்சி வேரூன்றிய காலத்தில். பிற்காலக் கோபுரம் ஒன்றுக்குள் புதைந்து கிடந்து 1838இல்தான் வெளியே வந்தது. மேல்விளிம்பில் சிற்ப வரிசை: கழுதை சுற்றும் மாவரைவை, சல்லடை, மேசையில் உருண்டை பிடிக்கும் ஆட்கள், நீளக் கரண்டியால் அடுப்புக்குள் தள்ளும் ஒருவர், கடைசியில் தராசில் நிறுத்து அதிகாரியிடம் ஒப்படைப்பது. யூரிசாசெஸ் அரசு ஒப்பந்தக்காரர். அகஸ்டஸ் காலத்தில் 2 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இலவசத் தானியம் வாங்கிய நகரம் இது. ரொட்டி இங்கே அரசியல்.

கல்வெட்டில் ‘இது ரொட்டிக்காரர், ஒப்பந்தக்காரர் யூரிசாசெஸின் நினைவிடம்’ என்று இருக்கிறது. நடு எழுத்தைத் தேடினேன். எஃப் இல்லை. எல்லும் இல்லை. கிரேக்கப் பெயர் என்பதால் விடுதலை பெற்ற அடிமையாக இருக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அவர் மட்டும் சொல்லவில்லை. அந்த இடத்தில் தன் தொழிலை எழுதிவிட்டார். அவர் மனைவியின் கல்வெட்டு, அவளுடைய எச்சங்கள் ‘இந்த ரொட்டிக்கூடையில்’ இருப்பதாகச் சொல்கிறது. வெயில் சுள்ளென்று அடித்தது, நகர மனமில்லை.

மாலையில் பாந்தியன். நெற்றியில் ‘மார்க்கஸ் அக்ரிப்பா, எல் எஃப், மூன்றாம் முறை கான்சல், கட்டினார்’. இங்கே இந்த எல், லூசியஸ் என்ற தகப்பனின் எழுத்து, குழம்பக் கூடாது. இப்போதுள்ள கட்டிடம் பின்னால் வந்த பேரரசர் ஹேட்ரியன் காலத்தது. பழைய பெயரையே போட்டுவிட்டார்கள். அகஸ்டஸின் வலது கையான அக்ரிப்பாவின் குடும்பப் பெயர் விப்சானியஸ். அது இங்கே இல்லை. எளிய குடும்பத்தைக் காட்டிக்கொடுக்கும் பெயர் என்று அவரே அதை உதறிவிட்டிருந்தார். பேரரசின் இரண்டாவது பெரிய மனிதருக்கும் பெயரில் ஒரு சங்கடம்.

நான்காம் நாள் – நேப்பிள்ஸ்

ரயில், மழை, பெட்டி தூக்கிய கைவலி. தங்குமிடத்தில் எங்கள் முன்பதிவு பதிவாகவே இல்லை என்று ஒரு மணி நேரம் நிற்க வைத்தார்கள். சாயங்காலம் பீட்சா நன்றாக இருந்தது.

ஐந்தாம் நாள் – பொம்பெய்

79இல் வெசுவியஸ் மூடிய ஊர். ஆகஸ்ட் என்றே வெகுகாலம் எழுதிவந்தார்கள். 2018இல் கரியால் எழுதிய ஒரு தேதி கிடைத்தது, அக்டோபர் 17. வருடம் போடவில்லை. ஆனாலும் இலையுதிர்காலம்தான் என்று இப்போது பலரும் கருதுகிறார்கள்.

முதலில் ஊர்ச் சதுக்கத்தில் யூமாக்கியாவின் கட்டிடம். அவள் ஊரின் பொதுப் பூசாரி. தன் பெயரிலும் மகன் பெயரிலும், தன் பணத்தில் கட்டியதாக வாசல் முழுக்க எழுதியிருக்கிறது. ‘யூமாக்கியா, எல் எஃப்’. லூசியஸின் மகள். சலவைத் தொழிலாளர்கள் அவளுக்குச் சிலை வைத்தார்கள். பெண்ணுக்கு ஓட்டில்லை, பதவியில்லை. கட்டிடம் இருந்தது.

பிறகு அபொந்தான்ஸா தெரு. சுவர் எழுத்துகள் இங்கேதான். கண்ணாடித் தகட்டுக்குப் பின்னால், சுண்ணாம்பின் மேல் சிவப்பில், நெட்டை நெட்டையான எழுத்துகள். பொம்பெய் முழுவதும் 2,500க்கு மேல் தேர்தல் அறிவிப்புகள் கிடைத்திருக்கின்றன. ஊரை நடத்த வருடத்துக்கு இரண்டு தலைமை நீதிபதிகள், அவர்களுக்குக் கீழே தெருவும் சந்தையும் பார்க்க இரண்டு பேர். அதற்குத்தான் இத்தனையும். வாசகம் ஏறக்குறைய ஒன்றேதான்: இன்னாரைத் தேர்ந்தெடுக்கும்படி வேண்டுகிறேன், பொதுவாழ்வுக்குத் தகுதியானவர். கேட்பவர்கள்தான் மாறுகிறார்கள். பழ வியாபாரிகள், கோவேறு கழுதை ஓட்டுபவர்கள், பொற்கொல்லர்கள், எகிப்திய தெய்வமான ஐசிஸ் தேவியின் பக்தர்கள். வாட்டியா என்ற வேட்பாளருக்கு ‘நடுராத்திரிக் குடிகாரர்கள் அனைவரும்’ ஆதரவு, ‘சின்னத் திருடர்கள்’ ஆதரவு. எதிராளியின் கைவரிசையாகத்தான் இருக்கும்.

எழுதிய கலைஞர்களும் தெரிகிறார்கள். எமிலியஸ் கேலர் என்பவர், வாள்வீரர் விளையாட்டு அறிவிப்பு ஒன்றின் ஓரத்தில், ‘நிலவொளியில் தனியாக எழுதினேன்’ என்று கையெழுத்திட்டிருக்கிறார். இன்னொரு இடத்தில் ‘விளக்குக்காரா, ஏணியைப் பிடி’. இதை மகளுக்குச் சொன்னதும் அவள் நின்றுவிட்டாள். “அம்மா, ஏணியில் நிற்கிறவர் குரல் கேட்கிற மாதிரி இருக்கு” என்றாள்.

ரோமில் அகஸ்டஸுக்கு அடுத்து டைபீரியஸ் வந்த வருடமே, கி.பி. 14இல், தேர்தல் மக்கள் மன்றத்திடமிருந்து செனட்டுக்குப் போய்விட்டது. பெரிதாக யாரும் எதிர்க்கவில்லை. தலைநகரத்தில் ஓட்டு செத்து 65 வருடம் ஆன பிறகும் இந்தச் சின்ன ஊரில் ராத்திரி ஏணி வைத்து எழுதிக்கொண்டிருந்தார்கள். பேரரசு என்றால் எல்லாம் மேலிருந்து வந்தது என்று படித்த எனக்கு, இந்தச் சிவப்பு எழுத்துகள் பெரிய பாடம். மேலே வாசல் அடைபட்ட பிறகும் கீழே தெருவில் அரசியல் இருந்தது.

அதே தெருவில் அசெல்லினாவின் சூடான உணவுக்கடை. கல் மேடையில் பதித்த தாழிகள். வெளிச்சுவரில் அங்கே வேலை செய்த பெண்கள் பெயரில் ஆதரவு அறிவிப்புகள்: ஏக்லே, மரியா, ஸ்மைரினா. எல்லாம் ஒற்றைப் பெயர்கள், அடிமைகளாக இருக்கலாம். ஸ்மைரினா ஆதரித்தது கயஸ் ஜூலியஸ் போலிபியஸை. பின்னால் அவள் பெயர் மீது மட்டும் சுண்ணாம்பு அடித்திருக்கிறார்கள். வேட்பாளர் பெயரை விட்டுவிட்டார்கள். கயஸ் ஜூலியஸ் என்பது அரச குடும்பத்தின் பெயர். அந்த வீட்டு அடிமையாக இருந்து விடுபட்ட ஒருவரின் வழிவந்தவர் போலிபியஸ் என்று அதை வைத்துக் கருதுகிறார்கள். அப்படி மேலே வந்த ஒருவருக்கு, ஒற்றைப் பெயர்க்காரி ஒருத்தியின் ஆதரவு கௌரவக் குறைச்சலாகப் பட்டதோ என்னவோ. சுண்ணாம்புக்குக் கீழே பெயரை இன்றும் படிக்க முடிகிறது.

ஆறாம் நாள் – ஹெர்குலேனியம்

எர்கோலானோ நிலையத்தில் இறங்கிச் சரிவில் பத்து நிமிட நடை. இன்றைய ஊர் மேலே, பழைய ஊர் கீழே பள்ளத்தில். கொதிக்கும் எரிமலைச் சாம்பலும் வாயுவும் பாய்ந்து மூடியதில் மரம் எரிந்து சாம்பலாகாமல் கரியாக நின்றுவிட்டது. கதவு, கட்டில், உத்தரம் எல்லாம் இருக்கின்றன. மெழுகு பூசி எழுதும் மரப்பலகைகளும் அப்படித்தான் தப்பின. மெழுகு உருகிவிட்டது. எழுத்தாணி அழுத்தி மரத்தில் பதிந்த கீறல்தான் மிச்சம்.

அந்தப் பலகைகளுக்காகத்தான் ரோமுக்கே வந்தேன் என்று சொன்னாலும் தப்பில்லை. பலகைகள் இங்கே பார்வைக்கு இல்லை. அவை இருந்த வீடுகளைப் பார்த்தேன்.

ஒன்று, வெனிடியஸ் எனிக்கஸுடையது. விடுதலை பெற்ற அடிமை, ஆனால் குடியுரிமை இல்லாதவர். அகஸ்டஸ் காலத்தில், கி.பி. 4இல் ஒரு சட்டம் வந்தது. 30 வயதுக்கு முன் விடுவிக்கப்படும் அடிமைக்குப் பொதுவாக முழுக் குடியுரிமை கிடையாது. இப்படிப்பட்டவர்கள் சுதந்திரமாக வாழலாம், வியாபாரம் செய்யலாம். இறந்தால் சொத்து முழுக்கப் பழைய எஜமானுக்கு. வெளியேற ஒரு வழி வைத்தார்கள். திருமணம் செய்து, பிறந்த குழந்தைக்கு ஒரு வயது நிறைந்ததென்று நிரூபித்தால் குடியுரிமை. எனிக்கஸ் 60ஆம் ஆண்டு மகள் பிறந்ததைச் சாட்சிகளோடு பதிவு செய்தார். 62இல் ரோமிலிருந்து அனுமதி வந்தது. இரண்டு பலகைகளையும் பத்திரமாக வைத்திருந்தார்.

இப்படி எத்தனை தகப்பன்களைப் பார்த்திருக்கிறேன். குழந்தை பிறந்த சீட்டை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே நிற்பார்கள். எனிக்கஸுக்கு அந்தச் சீட்டில் அவருடைய ஆயுளே இருந்தது.

இன்னொரு வீடு, இருநூற்றாண்டு வீடு. அகழாய்வு தொடங்கி 200 வருடம் நிறைந்த 1938இல் கண்டெடுத்ததால் அந்தப் பெயர். மேல்தளத்தில் ஒரு வழக்கின் பலகைகள் கிடைத்தன. பெட்ரோனியா ஜஸ்டா என்ற பெண்ணின் வழக்கு. அவள் தாய் வைட்டாலிஸ், பெட்ரோனியஸ் ஸ்டெஃபானஸ், கலட்டோரியா தெமிஸ் தம்பதி வீட்டில் அடிமையாக இருந்து விடுதலை வாங்கியவள். ஒரே கேள்விதான்: ஜஸ்டா பிறந்தது தாய்க்கு விடுதலை கிடைப்பதற்கு முன்னாலா, பின்னாலா? பின்னால் என்றால் பிறவியிலேயே சுதந்திரப் பெண். முன்னால் என்றால் அடிமையாகப் பிறந்தவள், கலட்டோரியாவுக்குக் கட்டுப்பட்டவள். பிறந்தபோது பதிவு எதுவும் இல்லை. தாயும் ஸ்டெஃபானஸும் இறந்துவிட்டார்கள். கி.பி. 75 வாக்கில் வழக்கு ரோம் வரைக்கும் போனது. அந்த வீட்டிலேயே முன்பு அடிமையாக இருந்த டெலெஸ்ஃபோரஸ் என்பவர், பின்னால்தான் பிறந்தாள் என்று அவளுக்காகச் சாட்சி சொன்னார். தீர்ப்பு கிடைக்கவில்லை. நான்கு வருடத்தில் எரிமலை வந்துவிட்டது.

அந்த ஆவணங்களில் ஜஸ்டாவை, ‘தன்னை ஸ்பூரியஸின் மகள் பெட்ரோனியா ஜஸ்டா என்று சொல்லிக்கொள்கிறவள்’ என்றே குறிக்கிறார்கள். ஸ்பூரியஸ் என்பது சட்டப்படி தகப்பன் இல்லாதவர்களுக்குப் போடும் எழுத்து. அந்த ‘எஸ்பி எஃப்’ ஒன்றுதான் அவள் கேட்டது. தகப்பனே இல்லாவிட்டாலும் அதில் எஃப் இருக்கிறதே, சுதந்திரப் பிறவி என்று பொருளாயிற்றே.

அந்த வாசல் முன்னால் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். பூனை ஒன்று வந்து காலருகே படுத்தது. பதிவு இல்லாமல் அலைக்கழிந்த பெண்களை நானும் ஜன்னலுக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்திருக்கிறேன். அவர்களில் சிலரை மறுநாள் வரச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். அது இன்று நெஞ்சை அறுத்தது.

கடைசியில் கடற்கரைக்கு இறங்கினோம். படகு அறைகளில் 300க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள், தப்பிக்கப் படகுக்குக் காத்திருந்தவர்கள். யார் எஃப், யார் எல் என்று எலும்பில் இல்லை. மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஏழாம் நாள் – நேப்பிள்ஸ்

தொல்லியல் அருங்காட்சியகத்தில் ஐசிஸ் கோயில் பொருட்கள் இருக்கும் கூடங்களுக்கு நேராகப் போனோம். பொம்பெயின் ஐசிஸ் கோயில் 62இல் நிலநடுக்கத்தில் விழுந்தது. அதைத் திருப்பிக் கட்டியவரின் கல்வெட்டு இங்கே இருக்கிறது: ‘நுமேரியஸ் பொப்பிடியஸ், என் எஃப், செல்சினஸ், இடிந்த கோயிலை அடித்தளத்திலிருந்து தன் பணத்தில் கட்டினார். அந்தக் கொடைக்காக, ஆறு வயதாக இருந்த அவரை நகரமன்றத்தார் கட்டணமின்றித் தங்கள் அவையில் சேர்த்துக்கொண்டார்கள்.’

ஆறு வயது. பணம் தகப்பன் ஆம்பிலியாட்டஸுடையது. அவர் விடுதலை பெற்ற அடிமை என்று கொள்கிறார்கள். அப்படிப்பட்டவர் எவ்வளவு சம்பாதித்தாலும் நகரமன்றத்தில் உட்கார முடியாது, சட்டம் தடுத்தது. சுதந்திரத்தில் பிறந்த மகன் உட்காரலாம். அதனால் ஒரு கோயிலையே மகன் பெயரில் கட்டிவிட்டார். அவ்வளவு பெரிய கல்லில் தகப்பன் இருப்பது ‘என்’ என்ற ஒரே எழுத்தாக.

படம் எடுத்துக்கொண்டு திரும்பினேன். “அம்மா, இதையும் பாரு” என்று மகள் கூப்பிட்டாள். அதே கோயிலிலிருந்து வந்த பாக்கஸ் சிலை, காலடியில் சிறுத்தை. பீடத்தில் சின்னதாக எழுத்து. குனிந்து ஒவ்வொன்றாகக் கூட்டினேன். இதுவும் தன் பணத்தில் கொடுத்ததுதான், ஆனால் இங்கே ஆம்பிலியாட்டஸின் பெயரே இருந்தது. எல் போட வேண்டிய நடு இடத்தில் எதுவும் இல்லை. பெயரை முடித்துவிட்டு, பக்கத்தில், சுருக்காமல், ஐந்து எழுத்தும் முழுசாக வெட்டச் சொல்லியிருக்கிறார்: பாட்டெர். அப்பா.